தாத்தாவின் தாத்தா எந்த ஊர்? மரபணுச் சோதனையா, கப்பல் பட்டியலா?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் வழிவந்த ஒருவர், இன்று டர்பனில் இருந்துகொண்டு, தம் தாத்தாவின் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று அறிய விரும்பினால், அவர் கண்ணில் முதலில் படுவது வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய மரபணுச் சோதனையின் விளம்பரம்தான். சிறு குழாயில் உமிழ்நீரை நிரப்பித் தபாலில் அனுப்பினால், சில வாரங்களில் பூர்வீகத்தை வரைபடத்தோடு சொல்லிவிடுவதாக அந்த விளம்பரங்கள் உறுதி கூறுகின்றன. அதே டர்பன் நகரின் ஆவணக் காப்பகத்திலோ, அந்த முன்னோரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உடலில் இருந்த தழும்பு ஆகியவற்றைக் குறித்துவைத்த கப்பல் பட்டியல் இருக்கிறது. இவ்விரண்டில் எதற்கு முதலில் நேரத்தையும் பணத்தையும் செலவிடுவது, சோதனைதான் என்று முடிவானால் எந்த வகைச் சோதனையை எந்த நிறுவனத்திடம் வாங்குவது, யாருடைய உமிழ்நீரை அனுப்புவது என்பவையே இங்கு நாம் பார்க்க வேண்டிய கேள்விகள்.

நேட்டாலை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. மொரீசியஸ், பிஜி, ரீயூனியன், மார்த்தினிக், மலேயா, இலங்கை மலையகம் என்று தமிழர்கள் உழைக்கப் போன இடங்கள் பல. ஆனால் ஒவ்வோரிடத்திலும் ஏடுகளின் நிலை வேறு, சட்டம் வேறு. ஆகவே சோதனையால் கிடைக்கும் பயனும் வேறு. நேட்டாலைப் பொறுத்தவரை ஏடுகள் நல்ல நிலையில் இருப்பதால், இரண்டு வழிகளையும் தராசில் வைத்துப் பார்க்க அது ஏற்ற இடம். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஊரைக் கண்டுபிடிக்க ஏடு வேண்டும், அந்த ஊரில் எந்த வீட்டார் நம் உறவினர் என்று உறுதிசெய்யத்தான் சோதனை உதவும். வரிசையை மாற்றிச் செய்பவருக்குப் பெரும்பாலும் கையில் மிஞ்சுவது, தமக்கு முன்பே தெரிந்திருந்த ‘தென்னிந்தியர்’ என்ற ஒரு சொல் மட்டுமே.

கப்பல் பட்டியலில் என்ன கிடைக்கும்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், 342 பேரோடு அவ்வாண்டு நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை, 1,52,184 பேர் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையிலிருந்தும் மற்றவர்கள் கல்கத்தாவிலிருந்தும் கப்பல் ஏறியவர்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் குடியேற்ற எண் ஒன்று தரப்பட்டது. பிற்காலத்தில் அவர்களுடைய திருமணமும் பிள்ளைகளின் பிறப்பும் பதிவானபோதும் அந்த எண் உடன் எழுதப்பட்டது. எனவே, குடும்பத்தில் யாரிடமாவது இருக்கும் பழைய பிறப்புச் சான்றிதழில் அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால், கப்பல் பட்டியலில் உரிய வரியை நேரே எடுத்துவிடலாம்.

எண்ணை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், பெயர் இங்கே சிறிதும் போதாது என்பதுதான். தென்னாப்பிரிக்கத் தமிழ், தெலுங்குக் குடும்பங்களில் இன்று குடும்பப் பெயராக வழங்கும் நாயுடு, கவுண்டர், பிள்ளை, முதலி, நாயக்கர், செட்டி, படையாச்சி முதலியவை, சாதிப் பட்டங்கள் அங்குள்ள பதிவு முறையில் உருமாறி நிலைத்தவை. ஒரே குடும்பப் பெயர் உள்ள பல்லாயிரம் பேருக்கு ஒருவரோடொருவர் எந்த உறவும் இல்லாமல் இருக்கலாம். வேறு பல குடும்பங்களில் கூலியாகச் சென்றவரின் சொந்தப் பெயரோ அவர் தந்தையின் பெயரோ குடும்பப் பெயராகிவிட்டது. கப்பல் பட்டியலுக்குள் போனால் நிலைமை இன்னும் கடினம்: முனுசாமி, தந்தை பெயர் ராமசாமி, வயது 22 என்றவாறு வரிக்கு வரி வந்துகொண்டே இருக்கும். எண் இல்லாதவர், கப்பலின் பெயர், வந்த ஆண்டு, முதலில் வேலை செய்த தோட்டம் ஆகியவற்றில் இரண்டையாவது கையில் வைத்துக்கொண்டு தேடுவது நல்லது.

வரி கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தரின் கைவண்ணத்தை அவிழ்க்க வேண்டும். பெயரை வாய்விட்டுப் படித்தால் சில சமயம் உடனே புலப்பட்டுவிடும், சில சமயம் பழைய வட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். மாவட்டப் பெயரும் ஏமாற்றக்கூடியது. பட்டியலில் அடிக்கடி வரும் வட ஆற்காடு இன்று எந்த மாவட்டத்தின் பெயரும் அன்று. 1911இல் அதன் ஒரு பகுதி சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்து இப்போது ஆந்திரத்தில் இருக்கிறது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் எஞ்சிய வேலூரும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாயிற்று. சாதி என்ற பத்தியை நான் ஆதாரமாகக் கொள்ள மாட்டேன். ஆள் சேர்ப்பவர் எதைச் சொன்னால் எடுத்துக்கொள்வாரோ அதைச் சொன்னவர்களும், சொல்ல விரும்பாமல் மாற்றிச் சொன்னவர்களும் அந்தப் பத்தியில் இருக்கிறார்கள்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மொரீசியஸில் மோகா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் குடியேற்ற ஏடுகளைக் காத்துவருகிறது. பலருடைய புகைப்படமும் அங்கு உண்டு. முன்னோரின் முகத்தைக் காட்டும் ஏட்டுக்கு எந்தச் சோதனையும் ஈடாகாது. பிஜிக்குச் சென்றவர்களுக்கு ஆளுக்கொரு குடிபெயர்வுச் சீட்டு இருந்தது. ஊர்ப் பெயர் அதிலும் உண்டு. மலேயாவுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் வழியாகப் போனவர்களுக்கு இப்படிப்பட்ட பட்டியலைத் தேடிப் பயனில்லை. ஆனால் அவர்களில் பலருக்கு ஊரோடு போக்குவரத்து இரண்டு மூன்று தலைமுறை நீடித்ததாலும், இலங்கையில் 1949ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்கும் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கும் குடும்பங்கள் விண்ணப்பம் கொடுக்க நேர்ந்ததாலும், ஊர்ப் பெயர் வீட்டிலுள்ள காகிதங்களிலேயே கிடைப்பதுண்டு.

சோதனையில் என்ன கிடைக்கும்

சந்தையில் விற்கும் பூர்வீகச் சோதனைகள் மூன்று வகைப்படும். இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கி ஏமாறுபவர்களே அதிகம். முதல் வகை, தாய் தந்தை இருவழியிலும் வரும் 22 இணைக் குரோமோசோம்களை ஆராய்வது. நிறுவனங்கள் ஏறத்தாழ நூறு டாலருக்கு விற்பது பெரும்பாலும் இதைத்தான். இரண்டாவது, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமை ஆராய்வது. மூன்றாவது, தாயிடமிருந்து பிள்ளைகள் அனைவருக்கும் சென்றாலும் மகள்கள் வழியாகவே அடுத்த தலைமுறைக்குத் தொடரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை ஆராய்வது.

தமிழ் வாசகருக்கு இரண்டாவது வகையைப் புரியவைப்பது எளிது. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் எந்தக் கோட்டில் வருகிறார்களோ, ஒய் குரோமோசோம் அதே கோட்டில் வருகிறது. மகள் மணமாகிக் கணவன் வீட்டுக் குலதெய்வத்துக்கு மாறிவிடுவதைப் போல, அந்தக் குரோமோசோமின் கதையிலும் மகளுக்கு இடம் இல்லை. தாய்வழிக் கோட்டுக்கு நம் வழக்கில் பெரும்பாலும் பெயர் கிடையாது. கொண்டையங்கோட்டை மறவர்களின் கிளை தாயைப் பின்பற்றி எண்ணப்படுவது போன்ற சில விதிவிலக்குகளே உள்ளன.

இவ்விரு வகைகளும் நெடுந்தூரம் பின்னோக்கிச் செல்பவை. அதுவே அவற்றின் பெருமையும் குறையும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எம்130 என்ற மரபணுக் குறியைக் கண்டறிந்தபோது, அது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக ஆஸ்திரேலியா வரை நடந்த பழங்காலப் பெயர்வின் தடயமாக அந்தக் குறி பேசப்பட்டது. அது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி. 1890இல் போளூர்ப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிய ஒருவரின் வீட்டைத் தேடுபவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. டர்பனிலுள்ள ஓர் ஆணும் ஊரிலுள்ள ஓர் ஆணும் பங்காளிகள்தானா என்று ஒப்பிடும் வேலைக்கு மட்டும் ஒய் சோதனையை மிஞ்சியது வேறில்லை.

முதல் வகைச் சோதனையின் முடிவு இரண்டு பகுதிகளாக வரும். ஒன்று, விழுக்காடுகளோடு கூடிய வரைபடம். விளம்பரத்தில் காட்டுவது இதைத்தான். நமக்கு மிகக் குறைவாகப் பயன்படுவதும் இதுவே. நிறுவனம் தன்னிடமுள்ள மாதிரித் தொகுப்போடு நம் மரபணுவை ஒப்பிட்டு, அதிகம் ஒத்துப்போகும் பகுதியின் பெயரைச் சொல்கிறது. தொகுப்பில் ஐரோப்பியர் மிகுந்திருப்பதால் அயர்லாந்தைச் சிறு வட்டாரங்களாகப் பிரிக்க முடிகிறது. நம் பக்கத்தைப் பிரிக்க முடிவதில்லை. 23அண்ட்மீ நிறுவனம் கன்னடர், தமிழர், தெலுங்கர், இலங்கையர் ஆகியோரை ஒரே வகையாக அடக்கிக் காட்டியிருக்கிறது. மாவட்டமே தெரியாத இந்த அளவுகோலால் கிராமத்தை எப்படி அளப்பது? முன்னோரில் எவரேனும் வேறு கண்டத்தைச் சேர்ந்தவராக இருந்தால் வரைபடம் அதைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது பகுதியான உறவினர் பட்டியல்தான் சோதனையின் உண்மையான மதிப்பு. அதே நிறுவனத்தில் சோதனை செய்துகொண்ட மற்றவர்களில் யார் யாரோடு நமக்குப் பொதுவான மரபணுத் துண்டுகள் உள்ளன என்பதை, துண்டுகளின் நீளத்தை அளக்கும் சென்டிமார்கன் என்ற அலகில் அது காட்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1865இல் பிறந்து 1890இல் நேட்டாலுக்குப் போனவர், இப்போது ஐம்பது வயதிலிருக்கும் ஒருவருக்குத் தாத்தாவின் தாத்தா என்று கொள்வோம். ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனின் வழியில், அதே தலைமுறையில் இன்று இருப்பவர் அவருக்கு ஆங்கில வழக்கில் நான்காம் நிலை உறவினர். அந்த நிலையிலுள்ள இருவரிடையே பொதுவான துண்டு ஒன்றுகூடத் தென்படாமல் போவதற்கு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவருடைய தந்தையின் உமிழ்நீரை அனுப்பினால், ஊரில் தந்தையின் தலைமுறையில் இருப்பவர் மூன்றாம் நிலை உறவினராகிறார். பத்தில் ஒன்பது முறை பொருத்தம் தென்படும், சராசரி அளவு 70 சென்டிமார்கனுக்குச் சற்று மேல் இருக்கும். தாத்தாவின் கடைசித் தங்கை உயிரோடிருந்தால், அவருக்கும் அவர் தலைமுறையில் ஊரில் இருப்பவருக்கும் உள்ள உறவு இன்னும் ஒரு படி நெருங்கி, சராசரி 200 சென்டிமார்கனைத் தாண்டிவிடும். அங்கே பொருத்தம் தவறவே தவறாது எனலாம். குடும்பத்தில் மிக மூத்தவரின் சோதனை ஒன்றே போதும். அதே பணத்தில் இளையவர்கள் மூன்று பேர் செய்துகொண்டாலும் அதற்கு ஈடாகாது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட இந்தத் தேர்வு முக்கியமானது என்பது என் கருத்து.

ஆனால் இக்கணக்கெல்லாம் ஊரிலுள்ளவரும் சோதனை செய்திருந்தால்தான் செல்லும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நூறு டாலர் கொடுத்துப் பூர்வீகச் சோதனை செய்துகொள்பவர் யார்? தம் ஊரிலேயே இருப்பவருக்குப் பூர்வீகம் ஒரு கேள்வியே அன்று. ஆகவே டர்பன்காரரின் பட்டியலில் வருபவர்கள் டர்பன், லண்டன், டொராண்டோ, சிட்னி என்று ஏற்கெனவே கடல் கடந்தவர்களாகவே இருப்பார்கள். அண்ணன் நேட்டாலுக்கும் தம்பி பிஜிக்கும் போன குடும்பங்களை இணைப்பதற்கு அது அருமையாக உதவும். ஊருக்கு வழி காட்ட அதனால் இயலாது. ஏட்டின் மூலம் ஊர் தெரிந்த பிறகு, அங்கே நமக்கு உறவாக இருக்கக்கூடிய முதியவரிடம் விளக்கமாகச் சொல்லி, அவர் மனமுவந்து இசைந்தால் அவருக்கும் ஒரு சோதனை செய்யும்போதுதான் இந்தக் கருவி தன் வேலையைச் செய்யும்.

முறை மணங்களும் சென்டிமார்கன் கணக்கும்

நிறுவனங்கள் உறவு நிலையைக் கணிக்கும் அட்டவணைகள், பெற்றோர் இருவரும் உறவினர் அல்லர் என்ற அனுமானத்தில் எழுந்தவை. அத்தை மகனையும் மாமன் மகளையும், ஏன், சொந்த அக்காள் மகளையே மணப்பது உரிமையாகக் கருதப்பட்ட சமூகத்தில் அந்த அனுமானம் நிற்காது. அக்காள் மகளை மணந்த ஒருவரின் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அப்பா வழித் தாத்தா பாட்டியே அப்பிள்ளைக்கு அம்மா வழியில் பாட்டியின் பெற்றோராகவும் ஆகிறார்கள். தந்தை வழியில் கால் பங்கு, தாய் வழியில் அரைக்கால் பங்கு என்று அந்தத் தாத்தாவின் மரபணு இரு வழிகளில் வந்து சேர்வதால், அவர் வழி உறவினரோடு பொருந்தும் அளவும் சுமார் ஒன்றரை மடங்காகிவிடும். மாமன் மகளை மணந்தவரின் பிள்ளைக்கோ எட்டுப் பேர் இருக்க வேண்டிய தலைமுறையில் ஆறு பேர்தான் இருப்பார்கள். இதை அறியாத கணினி, தூரத்து உறவினரை ஒரு நிலை நெருக்கமாகக் காட்டும்.

தனிக் குடும்பத்தைத் தாண்டி, சமூகம் முழுவதுக்கும் இதே சிக்கல் உண்டு. சாதிக்குள்ளேயே பல நூறு ஆண்டுகள் மணம் முடித்துவந்ததால், உறவே தெரியாத இருவரிடமும் சிறு சிறு பொதுத் துண்டுகள் நிறைய இருக்கும். 2017இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்து, அவற்றில் 81 சமூகங்கள், அகமணத்துக்கு, அதாவது தம் சமூகத்துக்குள்ளேயே மணப்பதற்கு, பெயர்போன ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர்களைக் காட்டிலும் வலுவாக, சிறு எண்ணிக்கையிலான முன்னோரிடமிருந்து பெருகியவை என்று காட்டியது. ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் அதில் பங்கேற்றவர். எனவே பட்டியலில் ‘நான்காம் நிலை உறவினர்’ என்று நூற்றுக்கணக்கானோர் வந்தால் மகிழ்ந்துபோகக் கூடாது. மொத்த அளவைப் பார்ப்பதைவிட, மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். முப்பது சென்டிமார்கன் ஒரே துண்டாக வந்தால் அதைப் பின்தொடரலாம். ஐந்து ஆறு சிறு துண்டுகளாகச் சிதறி வந்தால் அது பழைய சமூகத் தொடர்பின் மிச்சமாகவே இருக்கக்கூடும்.

நேட்டால்காரர்களுக்கு இதில் ஓரளவு ஆறுதல் உண்டு. ஒவ்வொரு கப்பலிலும் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பதே விதியாக இருந்ததால், ஊரில் நடந்திருக்க முடியாத மணங்கள் தோட்டங்களில் நடந்தன. அதனால் அகமணத்தின் இறுக்கம் அங்கே தளர்ந்தது. மறுபுறம், ஊரில் மனைவியை விட்டுச் சென்று அங்கே இன்னொரு குடும்பம் நடத்தியவர்களும் உண்டு. அப்படியானால் ஊரிலுள்ள வாரிசுகளோடு உள்ள உறவு தந்தை வழியில் மட்டும் அமைந்து, அளவு பாதியாகக் குறையும். ஓர் அளவு எதிர்பார்த்ததைவிடக் கூடியிருந்தால் முறை மணமா, குறைந்திருந்தால் இரண்டாம் குடும்பமா என்று ஏட்டையும் வாய்மொழியையும் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

எந்த நிறுவனம்

ஊரைத் தேடும் ஒருவருக்கு நிறுவனத்தின் வரைபட அழகு பொருட்டல்ல; நம் உறவினர்கள் எந்தக் குளத்தில் இருக்கிறார்கள் என்பதே பொருட்டு. ஆன்செஸ்ட்ரி 2012 முதல் இச்சோதனையை விற்றுவருகிறது. இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்களின் மாதிரிகள் அதனிடம் இருப்பதால் இது மிகப் பெரிய குளம். அதன் குறைகள் இரண்டு: வேறிடத்தில் செய்த சோதனையின் கோப்பை ஏற்றுக்கொள்ளாது, எந்தக் குரோமோசோமில் எந்தத் துண்டு பொருந்துகிறது என்று காட்டாது. முறை மணங்கள் நிறைந்த குடும்பத்துக்கு இரண்டாவது குறை சிறியதன்று. ஆனால் அங்கே செய்த சோதனையின் மூலக் கோப்பை இறக்கி, அவ்வாறு கோப்புகளை ஏற்றுக்கொள்ளும் ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ., ஜெட்மேட்ச் ஆகிய இடங்களில் ஏற்றி, துண்டுகளை அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஒரு முறை செலவழித்து மூன்று குளங்களில் தூண்டில் போடுவதற்கு வழி இதுதான்.

2000இல் ஹூஸ்டனில் தொடங்கிய ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. மற்றவற்றைவிடச் சிறியது. ஆயினும் ஒய் குரோமோசோம், மைட்டோகாண்ட்ரியா ஆகியவற்றுக்குத் தனிச் சோதனைகளும் அவற்றுக்கான பொருத்தப் பட்டியல்களும் வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் அதுவே. ஒய் குரோமோசோமில் 37 குறிகளை ஒப்பிடும் சோதனை ஏறத்தாழ நூற்றிருபது டாலர். மிக விரிவான ஒய் சோதனையோ நானூறு டாலருக்கு மேல். பங்காளி உறவைச் சரிபார்க்க முதலில் சிறிய சோதனையே போதும். அங்கேயே இரு தரப்பும் பொருந்தாவிட்டால் பெரிய சோதனைக்குத் தேவை இராது.

இஸ்ரேலைச் சேர்ந்த மைஹெரிடேஜ், பல நாட்டினர் அமைத்த வம்சாவளி மரங்களோடு சோதனையை இணைப்பதாலும், துண்டுகளைக் காட்டும் கருவிகளைக் கொண்டிருப்பதாலும், அடிக்கடி விலையைக் குறைப்பதாலும் இரண்டாவது தேர்வாகலாம். 23அண்ட்மீயை இந்த நோக்கத்துக்கு நான் பரிந்துரைக்கவில்லை. ஒன்றரைக் கோடிப் பேர் வரை அதில் சோதனை செய்திருந்தாலும், வம்சாவளி மரங்களை மையமாக வைத்து அது அமையவில்லை. பெயரும் மரமும் இல்லாத பொருத்தங்களால் ஒரு குடும்பத்தை எழுப்புவது கடினம். இந்தியாவில் விற்கும் சோதனைகளைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உறவினர் பட்டியல் தருகிறீர்களா? இல்லை என்றால், அந்தப் பணத்துக்கு ஊருக்கு ஒரு முறை பேருந்தில் போய்வரலாம்.

எந்த நிறுவனமானாலும், பணம் கட்டுவதற்கு முன் நம் நாட்டு முகவரிக்கு அனுப்புவார்களா, அங்கிருந்து மாதிரியைத் திரும்பப் பெறுவார்களா என்று பார்த்துக்கொள்வது அவசியம். ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் வாழும் தமிழ் வம்சாவளியினருக்குச் சிக்கல் இன்னும் பெரியது. அவை பிரான்சின் பகுதிகள். அங்கே நீதிமன்றம், மருத்துவம், ஆராய்ச்சி ஆகிய தேவைகளுக்கு வெளியே ஒருவர் தாமே மரபணுச் சோதனை செய்துகொள்வது சட்டத்துக்குப் புறம்பானது. 3,750 யூரோ வரை அபராதம் உண்டு. அவர்களுக்கு ஏடுதான் முதலும் முடிவும். எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளுக்கான பிரெஞ்சு ஆவணக் காப்பகம் அவர்கள் தொடங்க வேண்டிய இடங்களுள் ஒன்று.

தரவு யார் கையில்

ஏட்டைப் புரட்டுவதால் யாருக்கும் கேடு விளையாது. சோதனையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 2023இல் 23அண்ட்மீயில் நடந்த ஊடுருவலில், வேறு தளங்களில் பயன்படுத்திய கடவுச்சொல்லையே இங்கும் வைத்திருந்த சுமார் 14,000 பேரின் கணக்குகள் திறக்கப்பட்டன. உறவினர் பட்டியல் என்ற அதே வசதியின் வழியாக ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் அவற்றிலிருந்து கசிந்தன. ஒரு தூரத்து உறவினரின் கவனக்குறைவு போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. பின்னர் அதை நிறுவியவர்களுள் ஒருவரான ஆன் வொஜிட்ஸ்கி தலைமையிலான இலாப நோக்கற்ற அமைப்பு அதை வாங்கியது. நாம் உமிழ்நீரைக் கொடுப்பது ஒருவரிடம், அது நாளை இருப்பது வேறொருவரிடம் என்பது இதில் புதுமையன்று. 2018இல் கலிஃபோர்னியக் காவல்துறை, பழைய கொலை வழக்குகளில் தேடப்பட்ட ஒருவரை ஜெட்மேட்ச் தளத்தில் அவருடைய தூரத்து உறவினர்கள் ஏற்றிய கோப்புகளின் உதவியோடு அடையாளம் கண்டது. அதன் பின் அத்தளம், காவல்துறைத் தேடலுக்கு இசைவு தந்தவர்களின் கோப்புகளை மட்டும் அதற்குத் திறக்கும்படி விதியை மாற்றிக்கொண்டது.

இதைவிட நெருக்கமான ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது. வளர்ப்புப் பிள்ளை என்று யாருக்கும் சொல்லாமல் வளர்த்த ஒருவர், தம் அண்ணன் மகனின் சோதனை முடிவால் எழுபதாம் வயதில் அதை அறிய நேரலாம். மூத்தவரிடம் குழாயை நீட்டுவதற்கு முன், இப்படிப்பட்ட முடிவும் வரக்கூடும், வந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டு, அவர் விடையை எழுதிவைத்துக்கொள்வது நலம். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்; ஏட்டு வழி எப்போதும் திறந்தே இருக்கிறது.

அவர் இசைந்தாலும் ஒரு நடைமுறைத் தடை உண்டு. ஆன்செஸ்ட்ரியும் 23அண்ட்மீயும் உமிழ்நீரைக் குழாயில் கேட்கின்றன. அதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் உண்ணாமலும் பருகாமலும் இருக்க வேண்டும். எண்பதைக் கடந்தவர்களில் பலருக்கு வாய் உலர்ந்திருக்கும். குழாயின் கோடுவரை நிரப்ப அவர்கள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காது. மைஹெரிடேஜும் ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ.வும் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கச் சொல்பவை. பெரிய குளம் என்ற ஆன்செஸ்ட்ரியின் சிறப்பை விட்டுக்கொடுத்து, பஞ்சுக் குச்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒரே சூழல் இது. அந்தக் குச்சியை வாயில் வைப்பதற்கு முந்தைய மாலையிலேயே, அவருடைய பெற்றோர், அவர்களுடைய பெற்றோர், குலதெய்வம், தோட்டத்தின் பெயர், கேள்விப்பட்ட ஊர்ப் பெயர் ஆகியவற்றை அவர் சொல்லச் சொல்ல, அவர் உச்சரித்தபடியே எழுதிக்கொள்ளுங்கள்; கப்பல் பட்டியலில் எழுத்தர் சிதைத்த ஊர்ப் பெயரை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அந்தக் காகிதம்தான்.